மாமூல் யார் எழுதியது?



அண்ணன் நினைவாகப் பேச அழைத்தபோது நிலத்தைப் பற்றித்தான் பேசுவேன் என்றேன். அவருடைய தோள்பையில் கவிதை நோட்டு இருக்கும். கூடவே மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு 'அ' பதிவேட்டு நகலும் இருக்கும். இரண்டையும் அவர் ஒரே அக்கறையோடுதான் வைத்திருந்தார்.

உலக அளவில் நிலம் பற்றிப் பேசுகிறவர்கள் இன்று மதிப்போடு சொல்லும் சொல் ஒன்று உண்டு. வழக்காற்று நில உரிமை. பட்டாவும் பத்திரமும் இல்லாமல் தலைமுறைகளாக ஒரு சமூகம் ஒரு காட்டையோ மேய்ச்சல் வெளியையோ ஆண்டு வருகிறது. அதை அரசு அங்கீகரித்தால்தான் மண்ணும் நீரும் காப்பாற்றப்படும் என்கிறார்கள். 2012இல் உலக உணவுப் பாதுகாப்புக் குழு ஏற்றுக்கொண்ட நில உரிமை வழிகாட்டு நெறிகளும் இதை வலியுறுத்துகின்றன. ஆப்பிரிக்காவில் கம்பெனிகள் ஆயிரக்கணக்கான ஏக்கரை வளைக்கும்போது அந்தச் சொல் ஒரு கேடயம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் செங்கல்பட்டுச் சீமைக்காரன் காதில் அது விழுந்ததும் ஒரு கேள்வி எழும்: யாருடைய வழக்கம்?

வழக்கம் என்பதற்கு நம் பழைய வருவாய்க் கணக்கில் இருந்த சொல் மாமூல். (இன்று அது எதைக் குறிக்கிறது என்று சிரிக்காதீர்கள். பொருள் ரொம்பவும் மாறிவிடவில்லை.) தொண்டை மண்டலத்தில் அந்த மாமூலின் பெயர் மிராசு, அதற்கு முன்னர் காணியாட்சி. மிராசுதார் என்றால் வெறும் நில உடைமையாளர் அல்லர். ஊரின் நன்செய், புன்செய், தரிசு, குட்டை, தோப்பு எல்லாவற்றிலும் பரம்பரைப் பங்குடையவர். பெரும்பாலும் வேளாளர், பிராமணர். 1818இல் எல்லிஸ் துரை மிராசு உரிமை பற்றி எழுதி அச்சிட்ட நூல், பின்வந்த அதிகாரிகளுக்கு வேதம் ஆயிற்று. பழைய பத்திரங்களையும் சாஸ்திரங்களையும் அவர் ஆதாரமாகக் கொண்டார். பத்திரம் எந்தத் தெருவில் இருந்ததோ, வழக்கமும் அந்தத் தெருவுக்குரியதாக எழுதப்பட்டது.

ஆனால் அதே ஊரில் இன்னொரு வழக்கமும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் குறிப்புகளிலேயே அது பதிவாகியிருக்கிறது. இரண்டு நிலங்களுக்கு இடையே எல்லைத் தகராறு வந்தால் பறையரை அழைப்பார்கள். தலையில் தண்ணீர்க் குடத்தோடு அவர் நடந்து காட்டுவார். அவர் நடந்த வழிதான் எல்லை. ஊர் எல்லை முழுவதும் காலில் பதிந்திருந்த மனிதருக்கு அந்த எல்லைக்குள் ஒரு குழி நிலம் இல்லை. குடியிருந்த சேரி மனையே மிராசுதார் நிலம் என்றார்கள். எதிர்த்துப் பேசினால் வயல் வேலை மட்டுமல்ல, வீடும் போகும்.

தரிசு நிலத்துக்கு விண்ணப்பிக்கும் முறைக்குத் தர்க்காஸ்து என்று பெயர். ரயத்துவாரி ஏற்பாட்டின்படி, தீர்வை கட்டத் தயாராக இருக்கும் யாரும் அரசுத் தரிசைக் கேட்கலாம் என்பது பேச்சு. செங்கல்பட்டில் மட்டும் மிராசுதாருக்கு முன்னுரிமை. ஒரு பறையர் தர்க்காஸ்து போட்டால் மிராசுதாரைக் கேட்பார்கள். 'நானே எடுத்துக்கொள்கிறேன்' என்று அவர் சொன்னால் போதும், விண்ணப்பம் அதோடு முடிந்தது. பண்ணையாள் தனக்கென்று அரை ஏக்கர் தேடிக்கொண்டால் பண்ணைக்கு ஆள் கிடைக்காது, அவ்வளவுதான் கணக்கு.

இதைத்தான் செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் தம் அறிக்கையில் எழுதினார். அவருடைய படத்தை மாட்டுவதில் எனக்குத் தடையில்லை. ஆனால் அவருக்கு முன்பே சேரி மக்கள் தர்க்காஸ்து போட்டுப் போட்டுத் தோற்றிருந்தார்கள். ஆதாம் ஆண்ட்ரூ, வில்லியம் கவுடி போன்ற மிஷனரிகள் அவர்களோடு நின்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அறிக்கைக்குப் பொருள் தந்தவை அந்தத் தோற்ற மனுக்கள்தாம். வருவாய் வாரியம் அவர் சொன்னதில் பலவற்றை ஏற்க மறுத்தது. ஆனாலும் 1892 செப்டம்பர் 30இல் 1010 என்ற எண்ணிட்ட அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதன் வழியே வந்தது.

இந்த நிலத்துக்கு நிபந்தனை உண்டு. முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுத்து மீண்டும் அவ்வகுப்பாருக்கே வழங்கலாம். மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்று மேடைகளில் சொல்லிவருகிறோம். எனக்கு அந்த எண்ணைவிட ஒவ்வொரு ஊரின் சர்வே எண் முக்கியம்.

நிலம் எப்படிப் போயிற்று? கொடுக்கப்பட்டதில் பெரும்பகுதி மேட்டாங்காடு, தரிசு. கிணறு வெட்டப் பணம் வேண்டும், மாடு வேண்டும். கடன் கொடுக்க ஊரில் யார் இருந்தார்? கடன் பத்திரத்தில் கைநாட்டு விழுந்தது. அடுத்த அடி, 1979இல் தொடங்கி 80களில் நடந்த யு.டி.ஆர். பதிவேட்டுத் திருத்தம். பழைய பதிவேட்டில் குறிப்புக் கலத்தில் இருந்த 'டி.சி.' என்ற இரண்டெழுத்து பல ஊர்களில் புதிய பதிவேட்டுக்கு வந்து சேரவில்லை. அனுபவத்தில் யார் இருந்தாரோ அவர் பேர் ஏறியது. சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. பெயர்த்தெழுதும்போது விட்டுவிட்டார்கள். மாமூல் மறுபடியும் ஜெயித்தது. காரணை நிலத்துக்காக 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் கூடிய மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் கொடுத்தது இந்த விட்டுப்போன எழுத்துகளுக்காகத்தான்.

இனி ஏரிக்கு வருகிறேன். மண்ணையும் நீரையும் சமூகமே பேணிய பொற்காலம் என்று குடிமராமத்தைப் புகழாதவர் இல்லை. மடை திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று பங்கிடுவது, மழை இரவில் கரையைச் சுற்றி வருவது, இவையெல்லாம் நீர்க்கட்டியின் வேலை. பல ஊர்களில் நீர்க்கட்டி நம்மவர். கூலி, அறுவடையில் களத்தில் அளக்கும் சில மரக்கால் நெல். மனமுவந்து செய்த மராமத்து என்றால், 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் எதற்கு வந்தது? 2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசு திட்டம் தொடங்கியபோதும் ஆயக்கட்டுதாரர்தாம் பயனாளிகளாக முன்னின்றார்கள். ஆயக்கட்டுதாரர் என்றால் பாசன நிலம் உள்ளவர். ஏரியை அறிந்தவர் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கிறார். சொந்தமென்று ஒரு துண்டு நிலம் இல்லாதவரின் பிள்ளை அந்த அறிவை ஏன் கற்க வேண்டும்? அவன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறான். சரியாகத்தான் செய்கிறான்.

அப்படியானால் வழக்காற்று உரிமையையே தூக்கி எறியலாமா? கூடாது. ஆனால் சலித்து எடுக்க வேண்டும். தான்சானியா அதற்கு ஒரு வழி காட்டுகிறது. 1999ஆம் ஆண்டின் கிராம நிலச் சட்டம் அங்கே வழக்காற்று உரிமைக்குச் சட்டத் தகுதி கொடுத்தது. அதே சட்டம், பெண்களுக்கோ குழந்தைகளுக்கோ மாற்றுத்திறனாளிகளுக்கோ நிலத்தை மறுக்கும் வழக்கம் அந்த அளவுக்குச் செல்லாது என்றும் எழுதிவைத்தது. நடைமுறையில் அங்கும் விதவைகள் போராடித்தான் பெறுகிறார்கள். இருந்தாலும் காட்டுவதற்கு ஒரு பிரிவு கையில் இருக்கிறது. நம் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். பழங்குடி அல்லாத வனவாசி, 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததை நிறுவ வேண்டும். காட்டோரம் வாழும் தலித் குடும்பம் இந்த வகையில்தான் வரும். குடியிருக்கும் மனைக்கே காகிதம் மறுக்கப்பட்ட மக்களிடம் 75 ஆண்டுச் சான்று கேட்கிறது சட்டம்.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் ஊரின் யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குறிப்புக் கலத்தைப் பாருங்கள். அதை இன்றைய பதிவேட்டோடு சர்வே எண் வாரியாக ஒப்பிடுங்கள். உட்பிரிவு மாறியிருக்கும், குழப்பும், விடாதீர்கள். அதோடு சேரியில் 80 வயதில் ஒரு ஆயா இருப்பார். அவரைக் கைபிடித்து அழைத்துப்போய் பழைய எல்லையில் நடக்கச் சொல்லுங்கள். எந்தப் பனை, எந்தக் கல், எந்த வாய்க்கால் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். தேதி போட்டு, கூட நடந்தவர்கள் கையெழுத்திட்டு வையுங்கள்.