வானநெறியும் படைவெளியும்

வானம் எல்லையற்றதென்று உலகத்தார் கூறுவர். விமானம் செலுத்துவோர் அங்ஙனம் கூறார். வயலுக்கு வரப்பும் ஊருக்கு எல்லையும் இருத்தல்போல, வானத்தின்கண்ணும் கண்ணுக்குப் புலனாகாத எல்லைகள் பல உள. அவற்றுட் சில படையினர்க்கென ஒதுக்கப்பட்டவை. பயணிகள் செல்லும் விமானங்களும் படை விமானங்களும் ஒரே வானத்தை எங்ஙனம் பகிர்ந்துகொள்கின்றன என்பதையும், அப்பகிர்வில் நேரும் இடர்களையும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஒவ்வொரு நாடும் தன் நிலத்தின் மேலுள்ள வானத்திற்கு முழுவுரிமை உடையது என்பது 1944-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் எழுந்த உடன்படிக்கையின் முதற்கொள்கை. படைத்துறையின் தேவை பற்றியோ மக்களின் காப்புப் பற்றியோ ஒரு நாடு தன் வானத்தின் சில பகுதிகளைப் பிற விமானங்கட்கு மறுக்கலாம் என அதன் 9-ஆம் பிரிவு கூறும். இப்பகுதிகள் மூவகைப்படும். விமானங்கள் புகலாகாதவை தடைப்பகுதிகள். குறித்த நிபந்தனைகட்கு உட்பட்டே புகத்தக்கவை கட்டுப்பாட்டுப் பகுதிகள். பீரங்கிப் பயிற்சி, ஏவுகணைச் சோதனை போல்வன குறித்த காலங்களில் நிகழ்தற்குரியவை இடர்ப்பகுதிகள். இவை ஒவ்வொன்றிற்கும் பரப்பும், கீழுயரமும், மேலுயரமும் வரையறுக்கப்படும். அவை செயற்படுங் காலம் விமானிகட்கு அறிவிப்புக்களால் முன்னரே தெரிவிக்கப்படும்.

இனி, இவ்வெல்லைகளைக் காத்துநிற்போர் இருதிறத்தார். பயணி விமானங்கட்கு வழிகாட்டுவோர் ஒரு நிலையத்திலும், படை விமானங்கட்கு வழிகாட்டுவோர் பிறிதொரு நிலையத்திலும் பெரும்பாலும் அமர்ந்திருப்பர். இடிமுகில் ஒன்று வழியை மறிக்கின்றது எனக் கொள்வோம். விமானி விலகிச் செல்ல விரும்புகின்றார், அருகிலோ படைவெளி. அந்நிலையில் வழிகாட்டுவோர் தொலைபேசியிற் படை நிலையத்தாரை அழைத்து ஒப்புதல் பெற்ற பின்னரே அவ்வழியே விடுத்தல் வேண்டும். ஒப்புதல் வாராதாயின் வேறுவழி காட்டல் வேண்டும். மணிக்கு 800 கிலோமீட்டர் விரையும் விமானம் ஒரு நிமிடத்தில் 13 கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஆதலின் கேட்பதும் விடைதருவதும் நொடிப்பொழுதில் முடிதல் இன்றியமையாதது.

இத்தொடர்பு இல்லாதபோது விளைவது யாது? 1958 ஏப்ரல் 21-ஆம் நாள் அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரின் அருகே, 21,000 அடி உயரத்தில் வான்நெறி ஒன்றிற் சென்ற பயணி விமானத்தின்மீது, பயிற்சியில் ஈடுபட்டிருந்த படைவிமானம் மோதியது. 49 பேர் மாண்டனர். பயணி விமானத்தின் வழிகாட்டிகள் படைவிமானத்தின் வரவை அறியார். படையினரும் பயணி விமானத்தை அறியார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே, இருதிறத்தார்க்கும் உரிய வான்வெளி முழுவதையும் ஒரே துறையின் பொறுப்பில் வைக்கும் சட்டம் அந்நாட்டில் இயற்றப்பெற்றது.

நம் நாட்டிலும் பெருந்துயர் ஒன்று நிகழ்ந்தது. தில்லியைச் சூழ்ந்த வானத்தின் பெரும்பகுதி அந்நாளில் வான்படைக்கு ஒதுக்கப்பட்டிருந்தமையால், வரும் விமானங்களும் செல்லும் விமானங்களும் ஒடுங்கிய ஒரே வழியில் எதிரெதிரே இயங்கின. 1996 நவம்பர் 12-ஆம் நாள் மாலை, சவூதி விமானம் 14,000 அடியில் நிற்குமாறும், கசகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்குமாறும் பணிக்கப்பெற்றன. பின்னது தன் உயரத்தினின்று கீழிறங்கிவிட்டது. தில்லியில் அன்றிருந்த ராடார் விமானங்களின் உயரத்தைக் காட்டவல்லதன்று. சர்க்கி தாத்ரி என்னும் ஊரின்மேல் இரண்டும் மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைத்திலர். பிழைப்பு நாடிக் கடல்கடந்து செல்லப் புறப்பட்ட தொழிலாளர் பலர் அவருள் இருந்தனர். உயரம் தவறியதே காரணம் என நீதிபதி லகோத்தி தலைமையில் நடந்த விசாரணை முடிவுசெய்தது. எனினும், வழி ஒன்றேயாதலின் அப்பிழைக்கு இடையே ஆயிரம் அடியன்றி வேறு காப்பு இல்லாது போயிற்று என்பதை நாம் மறத்தலாகாது. பின்னர் வருவனவற்றிற்கும் செல்வனவற்றிற்கும் தனித்தனி வழிகள் வகுக்கப்பெற்றன.

படைக்கு வானம் வேண்டாவோ எனின், வேண்டும். பயிற்சியில்லாப் படை நாட்டைக் காவாது. ஆயினும் பயிற்சி நடவாத பொழுதிலும் வானத்தைப் பூட்டிவைத்தல் யார்க்கும் பயன்படாது. ஆதலின் ஐரோப்பிய நாடுகள் 1996 முதல், தேவையுள்ள பொழுது மட்டும் படைக்கு அளித்து, ஏனைப் பொழுதில் அனைவர்க்கும் திறந்துவிடும் நெகிழ்ச்சி முறையைக் கைக்கொண்டன. இந்திய அமைச்சரவை 2013-இல் அம்முறைக்கு இசைந்தது. நம் வான்வெளியில் 60 விழுக்காடே தடையின்றிப் பயன்படுகின்றது என்றும், தடைகளைத் தளர்த்தினால் ஆண்டிற்கு ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்றும் 2020 மே மாதத்தில் மத்திய அரசு அறிவித்தது.

முறைகளை வகுத்தல் மட்டும் போதாது. அவற்றை நாள்தோறும் பேணுதலும் வேண்டும். 2025 ஜனவரி 29-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் பயணி விமானமும் படை ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் மாண்டனர். அதன்பின் மே மாதத்தில், படைத்தலைமையகமாகிய பெண்டகனுக்கும் அந்நகர விமான நிலையக் கோபுரத்திற்கும் இடையிலுள்ள நேர்த்தொலைபேசி 2022 மார்ச்சு முதற் பழுதுற்றிருந்தது என்னுஞ் செய்தி வெளிவந்தது. வேறு தொலைபேசி இருந்ததென்பர். எனினும் மூன்றாண்டு அப்பழுது நீக்கப்படாமற் கிடந்தமை எண்ணத்தக்கது.

பகைநாட்டின் வானத்தைக் கண்காணிக்கப் பெரும்பொருள் செலவிடும் அரசுகள், தம் நாட்டின் இரண்டு அறைகட்கு இடையேயுள்ள ஒரு கம்பியையும் அதே விழிப்புடன் காத்தல் கடன். மேலே செல்லும் மக்களின் உயிர் அக்கம்பியையும் பற்றியே நிற்கின்றது.