நகராண்மைக் கழகத்தை யார் கேள்வி கேட்பது?

1993 டிசம்பர் 11, சனிக்கிழமை. பத்து நாட்களாக விட்டு விட்டு மழை. பிற்பகல் ஒன்றரை மணியளவில், உலு கிள்ளான், தாமான் ஹில்வியூவில் நின்ற ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிகளில் முதல் கட்டடம் அப்படியே சாய்ந்து விழுந்தது. 12 மாடிக் கட்டடம். 48 பேர் மாண்டார்கள். இதைப் படிக்கும் மாணவர்களாகிய நீங்கள் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். அம்மாவிடமோ தாத்தாவிடமோ கேட்டுப் பாருங்கள். தொலைக்காட்சியில் பார்த்ததை இன்றும் சொல்வார்கள்.

மழை மட்டும் காரணமில்லை. கட்டடங்களுக்குப் பின்னால் செங்குத்தான மலைச்சரிவு இருந்தது. அதில் இயற்கையாக ஓடிய ஓடையைக் குழாய் வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். மேலே வேறொரு மேம்பாட்டுக்காக மரங்கள் வெட்டப்பட்டிருந்தன. கால்வாய்கள் போதவில்லை, இருந்தவையும் பராமரிக்கப்படவில்லை. நீர் மண்ணுக்குள் இறங்கியது, தடுப்புச் சுவர்கள் சரிந்தன, நகர்ந்த மண் அடித்தளத்தைத் தள்ளியது. அந்த அடித்தளமோ தண்டவாள இரும்புகளைப் பற்றவைத்து இறக்கிய தூண்கள். மேலிருந்து வரும் எடையைத் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் தாங்காது.

பொதுப் பாதுகாப்பு என்றதும் போலீஸும் தீயணைப்பு வண்டியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஒரு கட்டடத்தின் வரைபடத்துக்கு ஒப்புதல் தருவதும் அதன் கால்வாய்களைக் கவனிப்பதும் ஊராட்சி மன்றத்தின் வேலை. அங்கே சறுக்கினால் மற்றவர்கள் வந்து சேர்வது இடிபாடுகளுக்கு நடுவில்தான்.

மற்ற இரண்டு கட்டடங்களின் குடியிருப்பாளர்களும் வீடுகளைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அவர்களில் பலர் சேர்ந்து வழக்குத் தொடுத்தனர். 2000-ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் பொறுப்பைப் பலருக்கும் பங்கிட்டது. மேம்பாட்டாளர், பொறியாளர், மேலிருந்த நிலத்தின் உரிமையாளர் ஆகியோருடன் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கும் 15 விழுக்காடு விழுந்தது. விபத்துக்குப் பிறகு அந்தச் சரிவுக்கு ஒரு வடிகால் பெருந்திட்டம் தயாரிப்பதாகச் சொல்லிவிட்டு, கழகம் அதைச் செய்யவில்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

வழக்கு அத்துடன் முடியவில்லை. 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் கழகத்துக்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பளித்தது. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2)-ஆம் பிரிவு, கட்டட வரைபடங்களைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்ததற்காக ஊராட்சி மன்றத்தின்மீது வழக்குத் தொடுக்க முடியாதபடி பாதுகாக்கிறது. மன்றத்தின் பணம் பொதுமக்களின் அடிப்படைத் தேவைகளுக்கு உரியது, சிலரின் நிதியிழப்பை ஈடுகட்ட அதைக் கொடுக்க முடியாது என்ற கருத்தும் தீர்ப்பில் இருந்தது.

இதைக் கல்நெஞ்சம் என்று சட்டென ஒதுக்கிவிட முடியாது. நாம் கட்டும் வீட்டு வரியில்தான் குப்பை அள்ளப்படுகிறது, தெருவிளக்கு எரிகிறது. ஆனால் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டாம் என்றால், மன்றம் வேறு எங்கே பதில் சொல்லும்? வாக்குப் பெட்டியிடம் என்று நினைப்பீர்கள். அதுவும் இல்லை.

இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த காலத்தில், 1965 மார்ச்சில், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தேர்தல் நடந்த காலத்திலும் சில மன்றங்களில் முறைகேட்டுப் புகார்கள் எழுந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. ஊராட்சி மன்றங்களை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் நம்மவர், வழக்கறிஞர் ஆதி நாகப்பன். குறைகளை எல்லாம் பார்த்த பிறகும், மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. எஸ்டிபிஎம் பொதுப் பாடத்தில் மூன்றடுக்கு அரசாங்கம் என்று படிக்கிறோமே, அதில் நமக்கு மிக அருகில் இருக்கும் அடுக்குக்கு மட்டும் நம் வாக்கு இல்லை.

ஆனால் அதே 1976 சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு பிரிவு உண்டு. 23-ஆம் பிரிவின்படி, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு கூட்டத்தை மூட வேண்டுமானால் மன்றம் அதற்குத் தீர்மானம் போட வேண்டும். செயற்குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. முழு மன்றக் கூட்டத்துக்குப் பொருந்தும். அது மாதம் ஒருமுறையாவது கூட வேண்டும். பார்வையாளராக உட்காரலாம், அவ்வளவுதான். எழுந்து பேசும் உரிமையைச் சட்டம் தரவில்லை. ஆனாலும் யார் வாய் திறந்தார், யார் தலையாட்டிவிட்டுப் போனார் என்பதைப் பார்த்தவர் ஊரில் நான்கு பேர் இருந்தாலே கூட்டத்தின் போக்கு மாறும் என்பது என் எண்ணம்.

கேட்பதற்குக் கேள்வியும் தயாராக இருக்கிறது. ஹைலண்ட் டவர்ஸ் விபத்துக்குப் பிறகு கட்டடச் சட்டத்தில் 85ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களைப் பத்தாம் ஆண்டுக்குப் பிறகும், அதன்பின் பத்தாண்டு இடைவெளிகளிலும் பொறியாளரைக் கொண்டு பரிசோதிக்கும்படி ஊராட்சி மன்றம் உரிமையாளருக்கு அறிவிக்கை அனுப்ப வேண்டும். நீங்கள் அடுக்குமாடியில் குடியிருந்தால், நிர்வாக அலுவலகத்தில் விசாரியுங்கள்: நம் கட்டடத்துக்கு வயது என்ன? கடைசி அறிவிக்கை எப்போது வந்தது? பதில் கிடைக்காவிட்டால், உங்கள் வட்டார மன்ற உறுப்பினர் யாரென்று கண்டுபிடித்து அதே கேள்வியைக் கடிதமாக எழுதுங்கள். அடுத்த முழு மன்றக் கூட்டம் எந்தத் தேதியில் என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.