உண்ண மறுப்பது பிடிவாதமா, நோயா?

ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்சாலைகளில் பணிபுரிந்து விடுதிகளில் தங்கும் இளையோருக்கு ஷிப்ட் மாறும்போது உணவு வேளையும் மாறுகிறது. ஆகவே அவர்கள் உணவைத் தவிர்ப்பது வீட்டாருக்கு எளிதில் தெரிவதில்லை. உணவுப் பழக்கக் கோளாறு உள்ள அனைவரும் உடல் பருத்துவிடும் என்று அஞ்சுவதில்லை. "பசியில்லை, வயிறு உப்புசமாக இருக்கிறது" என்று கூறுவோரும் உண்டு.

தொடர்ந்து எடை குறைதல், மாதவிடாய் நின்றுபோதல், தனித்தே உண்ணுதல், உண்டவுடன் கழிவறைக்குச் செல்லுதல், அளவின்றி உண்டு பின் வருந்துதல் ஆகியவற்றைக் கவனியுங்கள். எடை இயல்பாக இருப்பவருக்கும் இந்நோய் இருக்கலாம். அடிக்கடி வாந்தி எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறக்கூடும்.

எடை குறைந்து வருவோருக்குத் தைராய்டு, நீரிழிவு, காசநோய் உள்ளனவா என்றும் சோதிக்கிறோம்.

அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். பல நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென மிகுதியாக ஊட்டுவதும் ஆபத்தே. இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஊறு நேரலாம். எனவே உணவைச் சிறிது சிறிதாகவே கூட்டுகிறோம். மயக்கமோ படபடப்போ இருந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மனம்விட்டுப் பேச, அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.