சிகரெட் பாக்கெட்டுக்குள் வந்த முகங்கள்

1880களில் அமெரிக்காவில் சிகரெட், மெல்லிய காகித உறையில் விற்றது. சட்டைப்பையில் வைத்தால் நசுங்கிவிடும். அதற்கு முட்டுக்கொடுக்க உள்ளே ஒரு அட்டைத் துண்டைச் செருகினார்கள். பிறகு அதில் படம் அச்சிட்டார்கள்.

செய்தித்தாளில் புகைப்படம் அச்சிடும் முறை அப்போது பரவியிருக்கவில்லை. குத்துச்சண்டை வீரர் ஜான் எல். சல்லிவன் பெயர் நாடு முழுக்கத் தெரியும். முகத்தை ஏதாவது செதுக்குப் படத்தில் பார்த்தால்தான் உண்டு. 1887-ல் ரிச்மண்ட் நகரின் 'ஆலன் அண்ட் கின்டர்' நிறுவனம் அந்த முகத்தை வண்ணத்தில் கையில் கொடுத்தது. 'உலகச் சாம்பியன்கள்' வரிசை, மொத்தம் 50 அட்டைகள். ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குல அகலம், இரண்டே முக்கால் அங்குல உயரம்.

உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் கன்னத்துச் சிவப்பு பொடிப் புள்ளிகளாகப் பிரியும். கல்லச்சு வேலை அது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். ஒரே தாள் திரும்பத் திரும்ப அச்சேறும். கல் மயிரிழை விலகினாலும் உதட்டின் சிவப்பு தாடைக்கு வழிந்துவிடும். கசங்கி எறியப்படும் துண்டுக்கு இத்தனை பக்குவமா என்று இன்றும் வியக்கிறேன்.

10 பேஸ்பால் ஆட்டக்காரர்கள், படகோட்டிகள், மல்லர்கள், துப்பாக்கி சுடும் ஆனி ஓக்லி என எல்லோரும் ஒரே அளவு அட்டையில். பின்பக்கத்தில் பெயர்ப்பட்டியல்: எது நம்மிடம் இல்லை என்று அட்டையே சொல்லிவிடும். படகுப் போட்டியைப் பார்த்தே இராத சிறுவனும் படகோட்டியின் முகத்தைத் தேடினான். செய்த காரியத்தை விட்டு முகம் மட்டும் தனியாகப் புழங்கத் தொடங்கியது இங்கேதான் என்பது என் எண்ணம்.

இதற்கு வேகம் கொடுத்தது ஓர் இயந்திரம். கையால் சுருட்டுபவர் நிமிடத்துக்கு நாலைந்து சிகரெட் செய்வார்; ஜேம்ஸ் பான்சாக் 1881-ல் காப்புரிமை பெற்ற இயந்திரம் சுமார் 200 செய்தது. அதை நம்பி இறங்கிய டர்ஹாம் நகரத்து ஜேம்ஸ் டியூக், குவிந்த சரக்கை விற்க நடிகைகளின் படங்களைச் செருகினார். அவருடைய அப்பாவே 1894-ல் மகனுக்குக் கடிதம் எழுதிக் கண்டித்தார்.

படத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும் என்ற வழக்கம் பிறகுதான் வந்தது. 1909-ல் தொடங்கிய ஒரு பேஸ்பால் வரிசையில் தன் படம் வருவதற்கு ஹோனஸ் வாக்னர் சம்மதிக்கவில்லை. சிறுவர்கள் அட்டைக்காகப் புகையிலை வாங்குவது பிடிக்கவில்லை என்பார்கள். பணத்தில் பேச்சு படியவில்லை என்பாரும் உண்டு. அச்சு நின்றது. அதற்குள் வெளியேறிவிட்ட சில அட்டைகளில் ஒன்று 2022-ல் 72.5 லட்சம் டாலருக்கு விலைபோனது.