கேள்வியில்லாத கல்வி

சில வாரங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், வாலிபர் ஒருவர் தம் தகப்பனாரை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். தகப்பனார் சிறு குடியானவர். தம் பெயரை எழுதுமளவே எழுத்தறிவுடையவர். குமாரரோ முதல் வகுப்பிலிருந்து பொறியியற் பட்டம் வரையில் பதினாறு வருஷம் ஆங்கிலத்தின் வாயிலாகவே பயின்று தேறியவர். அவர் கையிலிருந்தது ஒரு பாங்கியின் கல்விக் கடன் பத்திரம். தகப்பனாரும் குமாரரும் சேர்ந்து கையெழுத்திட்டது. உத்தியோகம் கிடைத்த பிறகே கடன் வளரத் தொடங்குமென்று இருவரும் எண்ணியிருந்தனர். இப்பொழுது வந்திருக்கும் கணக்கிலோ, வாங்கிய தொகையினும் மிகுந்த தொகை கண்டிருந்தது. “ஏமாற்றிவிட்டார்களோ?” என்பது பெரியவரின் கலக்கம்.

பத்திரத்தை உரக்க வாசிக்குமாறு வாலிபரைக் கேட்டோம். தங்குதடையின்றி வாசித்தார், உச்சரிப்பிலும் குற்றமில்லை. படிக்குங் காலத்திலும் வட்டி ஏறும் என்பதும், வட்டி விகிதம் நிலையானதன்று, மாறக்கூடியது என்பதும் அவர் வாசித்த வாக்கியங்களிலேயே அடங்கியிருந்தன.

“தம்பி, கையெழுத்திடுமுன் இதைப் படித்தீர்களா?”

“படித்தேன், ஐயா.”

“வட்டியைப் பற்றி அவர்களிடம் ஏதேனும் கேட்டீர்களா?”

சற்று நேரம் மௌனமாயிருந்து, “கேட்கலாமென்றே எனக்குத் தோன்றவில்லை, ஐயா” என்றார்.

பாங்கியார் ஏமாற்றவில்லை. எழுதியிருந்தபடியே செய்திருந்தனர். ஏமாற்றப்பட்டவர் அவ்வாலிபர் என்பது மெய்யே. ஆயின் அது நடந்த இடம் பாங்கியன்று, பள்ளிக்கூடம்.

நியாயஸ்தலங்களில் பழகியோர் ‘பாடம் பண்ணிய சாட்சி’யை நன்கறிவர். முதல் விசாரணையில் அவன் வாக்கு தடையின்றி ஓடும். தேதியும் நாழிகையும் திசையும் பிசகா. எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, சொல்லிக் கொடுத்தவர் எதிர்பாராத ஒரு சிறு கேள்வியைப் போட்ட மாத்திரத்தில் திகைத்து நிற்பான். அவன் மூடனல்லன்; அவன் சொன்னது அவன் கண்டதன்று, அவ்வளவே. நம் கல்விச்சாலைகள் ஆங்கிலத்தில் பாடம் பண்ணிய சாட்சிகளையே பெரும்பாலும் ஆயத்தம் செய்து அனுப்புகின்றன என்பது நம் குற்றச்சாட்டு. மாணாக்கருக்கு ஆங்கிலம் கற்பதில் ஊக்கமில்லை என்று ஒரு குறை கேட்கிறோம். சீர்தூக்கிப் பார்க்கும் புத்தியில்லை என்று மற்றொரு குறை கேட்கிறோம். நம் அபிப்பிராயத்தில் இவ்விரண்டும் ஒரே குறைதான். கேட்பதற்குத் தனக்கென ஒரு கேள்வியில்லாதவனுக்கு, கேட்கும் கருவியாகிய பாஷையின்மீது ஆவல் எங்ஙனம் பிறக்கும்?

இக்குறைக்கு வேர் எங்கேயென்று பார்ப்போம். மெக்காலே பிரபு தமது குறிப்பை எழுதியது 1835-ம் வருஷம் பிப்ரவரி மாதம். அதனையே யாவரும் பேசுவர். மாணாக்கரின் மனத்தை அதனினும் ஆழமாகப் பிடித்தது 1844-ம் வருஷத்தில் ஹார்டிஞ்ச் பிரபு வெளியிட்ட உத்தரவு என்று கருதுகிறோம். சர்க்கார் உத்தியோகங்களில் ஆங்கிலக் கல்வி பெற்றோருக்கு முதலிடம் என்று அது விதித்தது. 1857-ல் சென்னை சர்வகலாசாலை பிறந்தது. லண்டன் சர்வகலாசாலையின் மாதிரியைப் பின்பற்றி, பாடஞ் சொல்லிக் கொடுக்கும் வேலையைக் கலாசாலைகளுக்கு விட்டு, பரீக்ஷை நடத்திப் பட்டமளிப்பதையே அது முதலில் தன் தொழிலாகக் கொண்டது. ஒரு பக்கம் உத்தியோகம், மற்றொரு பக்கம் பரீக்ஷை. இவ்விரு கரைகளுக்கிடையே ஓடிய ஆறுதான் நம் ஆங்கிலக் கல்வி. அந்நிய ஆட்சி 1947-ல் நீங்கிற்று, கரைகள் நீங்கவில்லை.

ஆயினும் ஆங்கிலம் எங்கும் அடிமைப் புத்தியையே வளர்த்ததென்று சொல்வது சரித்திரத்துக்குப் பொருந்தாது. மெக்காலேயின் குறிப்புக்கு முன்னரே, 1826-ல், கல்கத்தா ஹிந்து காலேஜில் டெரோஸியோ என்னும் பதினேழு வயது இளைஞர் உபாத்தியாயரானார். 1828-ல் அவர் தம் மாணாக்கரோடு ஒரு விவாத சபையை ஏற்படுத்தினார். மதம், வழக்கம், விதி முதலிய எவ்விஷயத்தையும் இரு பக்கமும் வாதித்துப் பார்க்கலாம் என்பது அச்சபையின் முறை. மாணாக்கர் கேள்வி கேட்கத் தொடங்கினர், பெரியோர் அஞ்சினர், 1831-ல் உபாத்தியாயர் வேலையை இழந்தார். அவ்வருஷ முடிவிலேயே இருபத்திரண்டாம் வயதில் வாந்திபேதியால் மாண்டார். அவருடைய மாணாக்கர் சிலரின் போக்கு எல்லை மீறியதென்பார் உளர். அது வேறு விஷயம். ஆங்கிலம் கற்கும்படி அவர்களை எவரும் பிரம்பெடுத்து விரட்ட வேண்டியிருக்கவில்லை என்பதே நாம் கவனிக்கத்தக்கது.

நம் நாட்டிலும் உதாரணத்துக்குக் குறைவில்லை. ஜி. சுப்பிரமணிய ஐயர் பள்ளி உபாத்தியாயராயிருந்தவர். 1878-ல் நண்பர்களோடு சேர்ந்து ‘ஹிந்து’ பத்திரிகையையும், 1882-ல் ‘சுதேசமித்திர’னையும் தொடங்கினார். 1885-ல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மகாசபையில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அவரே. இந்திய நிர்வாகம் நடைபெறும் விதத்தை விசாரிக்க வேண்டுமென்பதே அத்தீர்மானம். மகாசபையின் முதல் வாக்கே ஒரு கேள்வியாயிருந்தது! அக்கேள்வியை அவர் எந்தப் பரீக்ஷைக் காகிதத்திலிருந்தும் எடுக்கவில்லை. ஆங்கிலத்தில் வினவியவர், அவ்வினாவைத் தம் ஜனங்களும் அறியவேண்டித் தமிழிலும் எழுதினார். பாஷையைக் கருவியாகக் கொண்டவருக்கு இரண்டு கருவிகள் பாரமாவதில்லை.

நிற்க. “உத்தியோகத்துக்காகப் படிப்பதில் என்ன இழிவு?” என்று நேயர்கள் கேட்கலாம். இழிவு யாதுமில்லை. பம்பாயில் மராத்தி பேசும் உயர்நிலைப் பள்ளி மாணவிகளிடையே செய்த ஓர் ஆராய்ச்சி 1972-ல் வெளியாயிற்று. ஆங்கிலேயரைப் போலாக விரும்பி அப்பெண்கள் ஆங்கிலம் கற்கவில்லை. தம் வாழ்வில் முன்னேறும் கருவியாகவே அதை நாடினர். அந்நாட்டம் மிகுந்தவர்களே பாஷையிலும் மேம்பட்டிருந்தனர் என்பது அதன் முடிவு. ஏழைக் குடும்பத்தின் முதற் பட்டதாரியிடம் சென்று, ஊதியத்தை எண்ணாதே, ஞானத்துக்காகப் படி என்று உபதேசிப்பது வயிறு நிறைந்தவர்களின் வேதாந்தம். உத்தியோக ஆசை மாணாக்கனை வகுப்பின் வாயில் வரையில் கொண்டுவந்து விடும். உள்ளே அவனுக்கு என்ன வேலை வைத்திருக்கிறோம் என்பதே கேள்வி. பிறர் எழுதிய விடையைப் பிரதி செய்வதே வேலையெனில், வாயிலில் கொண்டுவந்த ஆசை அங்கேயே சோர்ந்து படுத்துவிடும்.

வேறு வேலை வைக்க இயலுமா? இயலும் என்பதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு பரீட்சார்த்தம் சான்று. உலகெங்கும் பாஷை உபாத்தியாயர்கள் அதைப் படிக்கின்றனர். நம்மவருள் அறிந்தோர் சிலரே. சென்னை ராஜ்யத்தில் ஆரம்ப ஆங்கிலம் கற்பிக்கும் உபாத்தியாயர் 27,000 பேருக்குப் புதுப் பயிற்சி தரும் பெருமுயற்சி ஒன்று 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் நடந்தது. வாக்கிய அமைப்புகளை எளிதினின்று அரிதாக வரிசைப்படுத்தி, வாய்ப்பாடமாகப் பழக்குவது அதன் வழி. நாளடைவில் அதுவும் இயந்திரம் போலாயிற்று. மாணாக்கர் வாக்கியத்தைச் சொல்வர். தேவை வந்தபோது வாக்கியம் வாராது. இதைக் கண்டு சிந்தித்தவர்களுள் ஒருவர் சென்னை பிரிட்டிஷ் கவுன்ஸிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரையில், பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களின் பள்ளிகளில், அவரும் தோழர்களும் முற்றிலும் வேறொரு முறையைச் சோதித்தனர்.

இலக்கணப் பாடமில்லை, வாக்கியப் பயிற்சியுமில்லை. வகுப்புக்கு ஒரு புதிர் வைக்கப்படும். ரயில் கால அட்டவணையைத் தந்து, இன்ன நேரத்துக்குள் இன்ன ஊர் சேர எந்த வண்டி ஏற்றது என்பர். பல வகுப்புகளின் பாட அட்டவணைகளைத் தந்து, அவற்றினின்று ஒரே உபாத்தியாயரின் அட்டவணையை உய்த்துணர்ந்து எழுதுக என்பர். ஓரிடம் போகப் பல வழிகளுள் செலவு குறைந்தது எது, விரைவானது எது என்பர். இவை போன்றதொரு புதிரை முதலில் உபாத்தியாயர் முழு வகுப்போடும் பேசி அவிழ்ப்பார்; பின்னர் அதையொத்த மற்றொன்றை ஒவ்வொருவரும் தாமே அவிழ்க்கவேண்டும். மதிப்பிடப்படுவது விடை சரியா, தவறா என்பது. வாக்கியம் பிழையா என்பதன்று. தந்த செய்தியினின்று தாராத செய்தியை ஊகித்தறியும் இவ்வகை வேலையே மாணாக்கரை மிகவும் பற்றியிழுத்தது என்று பிரபு 1987-ல் வெளியிட்ட நூலில் விவரிக்கிறார்.

காரணம் வெளிப்படை. புதிரின் விடை கைடில் இல்லை. உபாத்தியாயர் வாயிலிருந்து விழும்வரை காத்திருப்பதிலும் பயனில்லை. ‘எப்படி?’ ‘ஏன்?’ என்று தன் மனமே வினவவேண்டும். அவ்வினாவின் பின்னால் பாஷை தானே வரும். 1985-ல் வெளியான மதிப்பீடு ஒன்று, வாக்கிய அமைப்புச் சோதனையில் பழைய முறை மாணாக்கரே முந்தினரென்றும், கற்றதைப் புதிய இடத்தில் எடுத்தாளும் சோதனைகளில் புதுமுறை மாணாக்கர் மேம்பட்டனரென்றும் கண்டது. சோதனை சிறியது, ஆர்வமிக்க உபாத்தியாயர் நடத்தியது, ஆகவே இதனை ஸர்வரோக நிவாரணி என்று நாம் கூறவில்லை. சாதாரண மாணாக்கனுக்கும் சிந்திக்கத் தக்க வேலை தந்தால் ஊக்கம் தானே உண்டாகும் என்பதற்கு இது போதும்.

இப்பொழுது நம் வகுப்பறைகளைப் பார்ப்போம். 2005-ம் வருஷத்துத் தேசியப் பாடத்திட்டச் சட்டகம், குருட்டு மனப்பாடத்தினின்று கல்வி விடுபட வேண்டுமென்றது. 2012-13-ம் கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டுச் சர்க்கார் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருவாரியாகத் திறக்கப்பட்டன. வழி மாறிற்று, வழக்கம் மாறவில்லை. பாடத்தின் முடிவிலுள்ள வினாக்களே பெரும்பாலும் பரீக்ஷையிலும் வருகின்றன. விடைகள் கைடுகளில் விலைக்குக் கிடைக்கின்றன. சில தனியார் பள்ளிகளில், தமிழில் ஒரு வார்த்தை பேசிய குழந்தைக்கு அபராதம். தெரிந்த பாஷையில் வினவத் தடை. தெரியாத பாஷையில் வினவத் திராணியில்லை. குழந்தை மௌனமாகிறது, அம்மௌனத்தை ஒழுங்கென்று மெச்சுகிறோம்!

நாமும் இதற்கு விலக்கானவர்களல்லோம். ஷேக்ஸ்பியரின் நாடகமொன்றை முழுதும் படியாமலே, அதற்குரிய நோட்ஸை நெட்டுருச் செய்து நல்ல மார்க்கு வாங்கியவர்கள் நாம். தொழிலில் இறங்கிய முதல் வருஷத்தில், சீனியர் எழுதித்தந்த வாதத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, நீதிபதி இடைமறித்து, “இதற்கு ஆதாரமென்ன?” என்று வினவினார். வாய் உலர்ந்து நின்றோம். அன்றிரவு சட்டப் புத்தகத்தைத் திறந்தபோது கொண்ட ஆவல், அதற்கு முன் எந்தப் பரீக்ஷைக்கும் நாம் கொண்டதன்று.

இது மேனாட்டார் தந்த புதுச் சரக்குமன்று. பாடத்தைப் போற்றுவதை மாணாக்கன் கடமையாக்கிய நன்னூலார், வினாவுவதையும், பிறர் வினாவியதற்கு விடை கூறுவதையும் அதனோடு சேர்த்தே வைத்தார். நாம் முன்னதை மட்டும் வைத்துக்கொண்டு பின்னவற்றைக் கைவிட்டோம்.

ஆதலின் நாம் வேண்டுவன சிலவே. ஆங்கிலப் பரீக்ஷையில் பாதியேனும் மாணாக்கன் முன்பு கண்டிராத பகுதியினின்று வரட்டும். பரீக்ஷை மாறினாலன்றி வகுப்பு மாறாது. ரசீது, விளம்பரம், கடன் பத்திரம், பத்திரிகைச் செய்தி ஆகியவை பாடத்தில் இடம் பெறட்டும். ‘இதை எழுதியவர் யார், அவருக்கு இதனால் என்ன லாபம், சொல்லாமல் விட்டது எது’ என்று வினவப் பழகட்டும். சிந்தனை தமிழில் எழுமாயின் தமிழிலேயே விவாதித்து, பின் ஆங்கிலத்தில் எழுதட்டும். உபாத்தியாயருக்கும், ‘எனக்குத் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்’ என்று சொல்லும் உரிமை இருக்கட்டும். பிழையற்ற ஆங்கிலக் கடிதத்தைக் கைப்பேசியே எழுதித் தரும் காலமிது. அக்கடிதம் மெய்யா பொய்யா, தனக்கு நன்மையா தீமையா என்று தீர்மானிப்பதே இனி மனிதனுக்கு எஞ்சிய வேலை. அதையும் கற்பியாவிடில் எதற்குப் பள்ளிக்கூடம்?

தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், சர்க்கார் பள்ளிகளில் பெற்றோர் பெரும்பான்மையாக அமர்ந்த மேலாண்மைக் குழுக்களை ஏற்படுத்தியிருக்கிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்றா என்று மட்டும் அங்கே கேளாதீர்கள். இவ்வாரம் வகுப்பில் எந்தக் குழந்தை என்ன கேள்வி கேட்டது என்றும் கேளுங்கள். தன் உபாத்தியாயரிடம் ‘ஏன்’ என்று கேட்க அஞ்சிய பிள்ளை, நாளை அதிகாரியிடமும் சட்டசபை அங்கத்தினரிடமும் கேட்கப்போவதில்லை. கேள்வி கேளாத பிரஜைகளைக் கொண்டு குடியரசு நடத்துவது, சாட்சியில்லாமல் வழக்கு நடத்துவதை ஒக்கும்.

அவ்வாலிபரை அன்று நாம் வெறுங்கையோடு அனுப்பவில்லை. அவருக்காகக் கடிதம் எழுதித் தரவும் மறுத்துவிட்டோம். வட்டி எந்நாளிலிருந்து கணக்கிடப்பட்டது, விகிதம் எத்தனை முறை மாறிற்று, தவணையைக் குறைக்க வழியுண்டா என்னும் மூன்று கேள்விகளை அவரே எழுதினார். இரண்டு மணி நேரம் பிடித்தது; நான்கு தாள்களைக் கிழித்தெறிந்தார்; ஐந்தாவதில் பிழைகள் இருந்தன, பொருள் தெளிவாயிருந்தது. தகப்பனார் பக்கத்தில் அமர்ந்து, ஒவ்வொரு வரிக்கும் தமிழில் பொருள் கேட்டுக்கொண்டிருந்தார். சென்ற வாரம் பாங்கியிலிருந்து பதில் வந்ததாம். இரண்டுக்கு விடை, மூன்றாவதைப் பற்றி ஒரு சொல்லுமில்லை.

“மறுபடியும் எழுதியிருக்கிறேன், ஐயா” என்று வந்து சொன்னார். பதினாறு வருஷப் படிப்பு முடிந்த பிறகு அவருடைய ஆங்கிலக் கல்வி தொடங்கியிருக்கிறது. அவருக்குப் பின் வரும் பிள்ளைகளுக்கேனும் அது முதல் வகுப்பிலேயே தொடங்கட்டும்.