மார்கழி லீவில் வெயில் தேடி...

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததோ இல்லையோ, "அம்மா, எங்கேயாவது போகலாம்மா!" என்ற பல்லவி ஆரம்பமாகிவிடும். அந்தச் சமயத்தில் தாம்பரம், குரோம்பேட்டை, முடிச்சூர் வீடுகளின் நிலைமையைக் கேட்கவே வேண்டாம். கொடியில் போட்ட துணி மூன்று நாளாகியும் காயவில்லை. பீரோவுக்குப் பின்னால் சுவரெல்லாம் பூஞ்சை. கைக்குழந்தைக்கு மூக்கடைப்பு, பெரியவனுக்கு ராத்திரியில் இழுப்பு, மாமியாருக்கு முழங்கால் வலி. ஈரமும் பூஞ்சையும் இழுப்புள்ள குழந்தைக்கு ஆகவே ஆகாது. இந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர், "ஊட்டிக்குப் போகலாமா, கொடைக்கானல் போகலாமா?" என்றால் சிரிப்பதா, அழுவதா? குளிரை மே மாதத்தில் தேடிக்கொள்ளலாம். இப்போது வேண்டியது வெயில்!

"அப்படின்னா தெற்கே போனால் சரியாப் போச்சு" என்பார்கள். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியின் ஒரு பகுதி, இவை நம் கடற்கரை முழுவதற்குமே மழைக்காலம். தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பர் 22, 23-ல். ஒக்கிப் புயல் கன்னியாகுமரியை உலுக்கியது 2017 நவம்பர் 30. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது 2023 டிசம்பரில். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலில் நூற்றுக்கணக்கானவர்கள் குழந்தை குட்டிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு வருஷமும் இப்படி நடக்காதுதான். ஆனால் இழுப்புக்காரப் பிள்ளையை வைத்துக்கொண்டு சீட்டுப் போட்டுப் பார்க்க முடியுமா?

பாம்பனில் புதுப் பாலம் திறந்து, 2025 ஏப்ரல் 6-ல் ராமேஸ்வரத்துக்கும் தாம்பரத்துக்கும் நேர் ரயிலே விட்டிருக்கிறார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது. அதைத் தை, மாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னே வெயில் எங்கே? மலைக்கு அந்தப் பக்கம்!

வடகிழக்கிலிருந்து வரும் காற்று வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நம் பக்கமே கொட்டிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை நடுவே நிற்பதால், தாண்டிப் போகிற காற்றில் ஈரம் குறைவு. ஆனி, ஆடியில் கேரளம் நனையும்போது நாம் காய்வதும் இதே கணக்குத்தான். அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். எழும்பூரிலிருந்து தாம்பரம், செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் ரயிலில் ஏறினால், ஆரியங்காவு மலையைத் தாண்டும்போது இந்தப் பூகோளப் பாடத்தைக் குழந்தைகளுக்கு ஜன்னல் வழியாகவே நடத்திவிடலாம்.

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் கோவளம். (கேளம்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அந்தக் கோவளம் இல்லை!) டிசம்பரில் அங்கே பகலில் 31, 32 டிகிரி, இரவில் 22, 23. வெள்ளைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே வந்து மணலில் படுத்துக் கிடப்பது இதற்காகத்தான். கொஞ்சம் வடக்கே வர்க்கலா. என்னைக் கேட்டால் கூட்டுக் குடும்பத்துக்கு அதுதான் பொருத்தம். மாமியாருக்கு ஜனார்த்தன சுவாமி கோயில், குழந்தைகளுக்குக் கடல், அனந்தபுரி எக்ஸ்பிரஸில் போய் வர்க்கலாவிலேயே இறங்கிவிடலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். அங்கே கடற்கரை குன்றுக்குக் கீழே இருக்கிறது. குன்றின் மேல் ரூம் எடுத்தால் செங்குத்தான படிகள். முழங்கால் வலிக்காரர்கள் கோயில் பக்கத்துச் சாலை வழியாகப் போனால் ஆட்டோவிலேயே கரைக்குப் போய்விடலாம்.

மலைக்கு அந்தப் பக்கம் மழையே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். டிசம்பரில் திருவனந்தபுரத்தில் ஒன்றிரண்டு மழை வரும். வடக்கே போகப் போகக் குறையும். கோழிக்கோடு, கண்ணூர் இன்னும் நிச்சயம்; கோவாவில் அநேகமாக மழையே இல்லை.

இன்னொரு தொல்லை, கூட்டம். சபரிமலை சீசன் என்பதால் மண்டல பூஜை சமயத்தில் கேரள ரயில்களில் ஐயப்ப பக்தர்கள் நிறைந்திருப்பார்கள். ரிசர்வேஷன் இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது. கிறிஸ்துமஸுக்குப் போக அக்டோபர் கடைசி வாரத்திலேயே டிக்கெட் வாங்கிவிட வேண்டும். கிறிஸ்துமஸ் முதல் புது வருஷம் வரை ரூம் வாடகையும் தாறுமாறாக ஏறும். லீவு ஆரம்பித்த கையோடு போய்த் திரும்புவது பர்சுக்கு நல்லது.

கைக்குழந்தையைக் காலை இளவெயிலில் காட்டினால் போதும். பத்து மணிக்குப் பிறகு நிழலும் பருத்தித் தொப்பியும் வேண்டும். இழுப்புக்கு மருந்தும் பம்பும் கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.

விமானத்தில் போகக்கூடியவர்களுக்கு இலங்கை இருக்கிறது. அங்கும் அதே விதிதான். டிசம்பரில் யாழ்ப்பாணமும் திரிகோணமலையும் நனையும். பெந்தோட்டை, காலி பக்கம் வெயில்.

நம் பகுதியில் இப்போது வீட்டுக்கு வீடு பெண்ணோ பிள்ளையோ லண்டனிலும் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள். பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கப் போகிற அம்மாவுக்கு முதல் அதிர்ச்சி அந்த ஊர் இருட்டு. டிசம்பர் கடைசியில் லண்டனில் மாலை நாலு மணிக்குள் சூரியன் அஸ்தமனம்! அக்டோபர் முதல் மார்ச் வரை அந்த வெயிலில் வைட்டமின் டி உண்டாகிற அளவுக்குச் சக்தி இல்லை என்று அவர்கள் சுகாதாரத் துறையே சொல்லி, தினம் 10 மைக்ரோகிராம் மாத்திரையாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது.

"வெயிலுக்கு எங்கேம்மா போகலாம்?" என்று பெண் போனில் கேட்டால், மால்டா, சைப்ரஸ் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். மத்தியதரைக் கடல் ஊர்களுக்குக் குளிர்காலம்தான் மழைக்காலம், நம்மைப் போலவே. ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே ஸ்பெயினுக்குச் சொந்தமான கானரித் தீவுகள் இருக்கின்றன. டெனரீஃப் அதில் ஒன்று. ஜனவரியிலும் பகலில் 20, 21 டிகிரி. இங்கும் மலைதான் முடிவு செய்கிறது! நடுவே 3,700 மீட்டருக்கு மேல் நிற்கும் டெய்டே மலை வடகிழக்குக் காற்றைத் தடுப்பதால் தீவின் வடக்கே மேகம், தெற்கே வெயில். ரூமைத் தெற்குக் கரையில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு விஷயம். லண்டன் விசாவை வைத்துக்கொண்டு நாம் ஸ்பெயின் போக முடியாது. ஷெங்கன் விசா தனியாக வேண்டும். இங்கிருந்து கிளம்பும் முன்பே இரண்டையும் வாங்கிவிட்டால், அம்மாவை ஹீட்டருக்குக் காவல் வைத்துவிட்டுப் பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் கிளம்ப வேண்டி வராது.