24 மூட்டுகளின் பில்: பழைய ராப்டர் 700-க்கு முன்பக்கச் செலவுக் கணக்கு

யமஹாவின் ராப்டர் 700 என்ற நாலுசக்கர ஏடிவி, அமெரிக்கச் சந்தைக்கு 2006 மாடலாக வந்தது. 686 சிசி, ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்‌ஷன். ரிசார்ட்டில் அரைமணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் குட்டி நாலுசக்கர வண்டியை இங்கே நினைக்க வேண்டாம். இப்போதைய 700ஆர், பெட்ரோல் நிரப்பி நிறுத்தினால் 422 பவுண்ட், அதாவது சுமார் 191 கிலோ. புதிது ஏறத்தாழ 10,000 டாலர். நன்றாக ஓடித் தேய்ந்த பழையது பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். பழையதை வாங்குகிறவர் முதலில் என்ஜின் சத்தத்தைக் கேட்பார், அடுத்து சைலன்சரைத் தட்டிப் பார்ப்பார். உண்மையான செலவு ஹேண்டில்பாருக்கும் முன் டயர்களுக்கும் நடுவில் இருக்கிறது.

முதலில் எண்ணிக்கை. பக்கத்துக்கு மேலே ஒரு ஏ-ஆர்ம், கீழே ஒன்று, ஆக மொத்தம் 4. ஒவ்வொன்றும் சேஸியில் இரண்டு இடத்தில் கோத்திருக்கிறது. புஷ் தேயக்கூடிய இடம் 8. ஆர்ம் நுனிகளில் பால் ஜாயின்ட் 4. இரண்டு டை ராடுகளின் முனைகள் 4. ஷாக் அப்சார்பர் இரண்டுக்கும் மேல் கண், கீழ் கண் என்று 4. ஹப் ஒன்றுக்கு இரண்டு பேரிங் வீதம் 4. கூட்டினால் 24. ஸ்டீயரிங் தண்டின் பேரிங்கை இதில் சேர்க்கவில்லை. இந்த 24-இல் எது ஆடினாலும் ஓட்டுகிறவருக்குத் தெரிவது ஒன்றுதான்: "வண்டி நேராகப் போகவில்லை." உடனே ஷாக் மாற்றச் சொல்லி யோசனை வரும். 1,500 டாலர் ஷாக் மீது போடும் பழி, பல நேரம் 30 டாலர் பால் ஜாயின்டுக்கு உரியது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இதுதான். மற்றவை அதற்கான கணக்கு.

ஆட்டம் எங்கே என்று பார்க்கக் கருவி வேண்டாம். முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து உள்ளும் வெளியும் அசைக்க வேண்டும். 'டக்' என்று கேட்டால் பால் ஜாயின்ட் அல்லது ஹப் பேரிங். அப்போதே இன்னொருவர் முன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளட்டும். சத்தம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். இடது, வலது ஓரங்களைப் பிடித்து அசைக்கும்போது ஆடினால் டை ராட் முனையைப் பார்க்க வேண்டும். முன் டயர் 21x7-10, அதாவது 21 அங்குல உயரம். மேல், கீழ் பால் ஜாயின்டுகளுக்கு இடையே 6 அங்குலம் என்று கொண்டால், ஒரு ஜாயின்டில் உள்ள 1 மி.மீ. ஆட்டம் டயரின் உச்சிக்கும் அடிக்கும் இடையே 3.5 மி.மீ. சாய்வாக விரிகிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது கைக்கு நன்றாகவே தெரியும்.

இனி பில். கீழே உள்ளவை அமெரிக்காவில் பிற கம்பெனி உதிரிகள் இப்போது விற்கும் விலையை ஒட்டி வட்டமாக்கிய டாலர்கள். ஒரிஜினல் யமஹா பாகம் என்றால் பெரும்பாலும் கூடும்.

பால் ஜாயின்ட் 4: 100–160
டை ராட் முனை 4: 50–70
ஏ-ஆர்ம் புஷ், இரு பக்கமும்: 80–120
ஹப் பேரிங் 4, சீலுடன்: 40–60
பிரேக் பேட், இரண்டு ஜோடி: 40–70
காலிப்பர் சீல், இரண்டு செட்: 30–50
ஸ்டீல் பின்னல் ஹோஸ், முன்பக்க செட்: 70–120
பிரேக் ஆயில்: 10–15

குறைந்தது 420, கூடினால் 665. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் சுமார் 36,000 முதல் 57,000 ரூபாய் வரை. இவ்வளவும் போட்டால் வண்டி ஷோரூமில் இருந்து வந்த நிலைக்குத் திரும்பும். அதற்கு மேல் ஒன்றும் கூடாது. அழகுக்குச் செலவழிக்க நினைப்பவருக்கு இந்தச் சீட்டு சப்பென்று இருக்கும். வாங்கிய எதுவும் வெளியே தெரியாது.

ஆனால் இந்தச் சீட்டைக் கடையில் நீட்டும் முன் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: வண்டியை அகலப்படுத்தப் போகிறோமா? பின்னால் எடுத்தால் மேலே உள்ள பல வரிகள் வீண். அகலமான ஏ-ஆர்ம் செட்டுகள் பலவும் தமக்கான புஷ்களோடு, சில பால் ஜாயின்டோடும் வருகின்றன. அப்படியானால் பழைய ஆர்முக்கு வாங்கிய 180–280 டாலர் சரக்கு அலமாரிக்குப் போகும். பழைய நீளத்துக்கு வாங்கிய ஹோஸும் எட்டாது.

ராப்டரின் அகலம் சுமார் 46 அங்குலம். சந்தையில் அதிகம் போவது '+2+1' என்ற அளவு: பக்கத்துக்கு 2 அங்குலம் வெளியே, 1 அங்குலம் முன்னே. 46-உடன் 4 சேர்ந்தால் 50. இந்த 50 ஏதோ வட்டமான எண் இல்லை. அமெரிக்க வனத்துறையின் தட வரைபடங்களில் '50 அங்குலமும் அதற்குக் கீழும்' அகலமுள்ள வண்டிகளுக்கென்றே தனி வகைப் பாதைகள் உண்டு. ஆகவே +2 போட்டவர் விளிம்பில் நிற்கிறார். கொஞ்சம் புடைத்த டயரோ வெளிப்பக்கம் தள்ளிய ரிம்மோ போட்டால் எல்லை தாண்டிவிடும். காட்டுத் தடத்தில் ஓட்டுகிறவருக்கு +2 தேவையே இல்லை என்பது என் கருத்து. இரண்டு மரங்களுக்கு நடுவே அந்த 4 அங்குலம் உதவாது, உபத்திரவம்தான். மணலிலும் மோட்டோகிராஸ் தடத்திலும் கதை வேறு. அங்கே திருப்பத்தில் உள்சக்கரம் தூக்காமல் இருப்பதற்கே காசு.

ஏ-ஆர்ம் செட் 500 முதல் 1,300 டாலர் வரை. அது முதல் பில்தான். நீண்ட டை ராட் 60–120. நீண்ட ஹோஸ். முன்பக்கம் மட்டும் விரிந்து பின்பக்கம் குறுகி நிற்பது பிடிக்காதவர் நீட்டக்கூடிய பின் ஆக்சில் வாங்குவார், அது 300–600. பில்லில் வராத செலவு ஒன்றும் இருக்கிறது, ஸ்பிரிங். சேஸி கோப்பில் இருந்து பால் ஜாயின்ட் வரை 14 அங்குலம் என்று கணக்குக்கு வைப்போம். ஷாக் பொருந்தும் இடத்தை நகர்த்தாமல் ஆர்மை 16 அங்குலமாக நீட்டினால் சக்கரத்துக்கு நெம்பு வலு கூடுகிறது. சக்கரத்தில் உணரும் ஸ்பிரிங் பலம் இந்த விகிதத்தின் வர்க்கப்படி குறையும்: 14/16-இன் வர்க்கம் 0.77. அதாவது அதே ஸ்பிரிங் 23 சதவீதம் மெத்தென்று ஆகிவிடுகிறது. பழைய விறைப்பு வேண்டுமானால் 100 பவுண்ட் ஸ்பிரிங் இருந்த இடத்தில் 130 பவுண்ட் வேண்டும். வரவுப் பக்கத்தில், சக்கரம் ஏறி இறங்கும் தூரம் 9.1 அங்குலத்தில் இருந்து 10.4 ஆகக் கூடும். கடைக்காரர் இந்த 10.4-ஐச் சொல்வார், 23-ஐச் சொல்ல மாட்டார்.

லாங் டிராவல் என்ற பெயரில் விற்கும் ஆர்ம்களில் பழைய ஷாக் பொருந்தவே பொருந்தாது. அதற்கென்று நீளமான ஷாக் வாங்க வேண்டும். பெட்டியில் எந்த வகை என்று பார்க்காமல் பணம் கட்டினால் செலவு ஒரே நாளில் இரண்டு மடங்கு. மலிவு வழியாக ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் வைப்பவர்களும் உண்டு. ஜோடி 60–100 டாலர். அகலம் வரும், 9.1 அப்படியே நிற்கும், பேரிங் மீது சுமை ஏறும்.

பிரேக்கில் மனக்கணக்கு பெரும்பாலும் தலைகீழ். வண்டியும் ஆளும் சேர்ந்து 271 கிலோ என்றால், 60 கி.மீ. வேகத்தில் இருந்து நிறுத்த ஏறத்தாழ 38 கிலோஜூல் ஆற்றல் சூடாக மாற வேண்டும். 80 கி.மீ. என்றால் 67. வேகம் மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது, சூடு முக்கால் பங்குக்கு மேல் ஏறுகிறது. இதில் பெரும்பகுதியைச் சுமப்பது முன் டிஸ்க் இரண்டும். அவை 10 அங்குல ரிம்முக்குள் அடங்க வேண்டியவை. மோட்டார் சைக்கிளில் போல டிஸ்கைப் பெரிதாக்க இடமில்லை. எனவே காசு போகக்கூடிய இடம் பேட், ஹோஸ், ஆயில்.

அதில் மலிவான 10 டாலர் ஆயிலுக்குத்தான் மரியாதை குறைவு. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்தக் குறைந்தபட்ச வரம்பு 155. டாட் 3-க்கு இதே எண்கள் 205, 140, டாட் 5.1-க்கு 260, 180. ஆக, ஈரம் ஏறிய டாட் 5.1-ஐ விடப் புதிய டாட் 3 மேல். மாஸ்டர் சிலிண்டர் கண்ணாடியில் ஆயில் டீத்தண்ணீர் நிறத்தில் தெரிந்தால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

அடுத்த மனக்கணக்கு: பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்பது. நேர்மாறு. 12.7 மி.மீ. பிஸ்டனுக்குப் பதில் 14 மி.மீ. வைத்தால், விரலின் அதே அழுத்தத்துக்குக் காலிப்பரில் கிடைக்கும் விசை 18 சதவீதம் குறையும். லீவர் கெட்டியாகத் தோன்றும். அந்தக் கெட்டியை வேகமாக நிற்பதாக எண்ணி ஏமாறுவார்கள். டயரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 21 அங்குல முன் டயரைக் கழற்றி 23 போட்டால், அதே பிரேக் தரையில் தரும் விசை கிட்டத்தட்ட 9 சதவீதம் குறைகிறது.

ஹோஸ் மாற்றும்போது ஒரு சின்ன எண்ணிக்கை. மாஸ்டர் சிலிண்டரில் இருந்து நேராக இரண்டு ஹோஸ் இறங்கும் செட் என்றால் மேலே 3 செப்பு வாசர், காலிப்பர் ஒன்றுக்கு 2 வீதம் 4, மொத்தம் 7. ஏழும் புதிதாக வேண்டும். பழையதைத் திருப்பிப் போட்டு மிச்சம் பிடிக்கும் காசு இரண்டு டாலர்கூட வராது, ஆனால் ஒரு சொட்டு கசிந்தாலும் காற்றெடுக்கும் வேலை மறுபடி முதலில் இருந்து. புது ஹோஸ் பூட்டியதும் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, எங்கும் இழுபடவில்லை என்று பார்க்க வேண்டும். பழைய பேடுகளில் ஒன்று 3 மி.மீ., அதன் ஜோடி 1 மி.மீ. என்று கழன்றால் காலிப்பர் நகரும் பின் சிக்கியிருக்கிறது. அதைச் சுத்தம் செய்து கிரீஸ் தடவாமல் புதுப் பேட் போட்டால் அதுவும் அப்படியே தேயும். டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க் மேலேயே பொறித்திருக்கும்.

ஷாக்குக்கு வருவோம். ஆளுக்கேற்ப அமைத்துத் தரும் புது ஜோடி 1,000 முதல் 2,000 டாலர். சில ஆண்டுகளில் சாதா 700, 700ஆர் என்று இரண்டு வகை விற்றன. ஆர் வகையில் வந்தது தனி எண்ணெய்க் குப்பியோடு, அமுங்குவதையும் திரும்புவதையும் தனித்தனியே திருகிச் சரிசெய்யக்கூடிய ஷாக். பணக்காரர்கள் புது ஆர் வாங்கிய வாரமே அதைக் கழற்றி விற்றுவிடுகிறார்கள். அந்த ஜோடி 250–400 டாலருக்குக் கிடைக்கும். என்னைக் கேட்டால் முன்பக்கத்தில் காசுக்கு அதிக மதிப்பு தரும் மேம்பாடு இதுவே. எண்ணெயும் நைட்ரஜனும் மாற்றிப் புதுப்பிக்க ஒன்றுக்கு 80–150. ஆள் ஏறி உட்கார்ந்ததும் 9.1 அங்குலத்தில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2.3 முதல் 3 அங்குலம் தாழ்ந்தால் ஸ்பிரிங் சரி. அதற்கு மேல் தாழ்ந்தால் ஆளின் எடைக்கு ஸ்பிரிங் போதாது.

கூலியையும் எழுத வேண்டும். அமெரிக்க ஒர்க்‌ஷாப்பில் மணிக்கு 100–150 டாலர். இரு பக்கமும் புஷ், ஜாயின்ட், பேரிங் மாற்ற 4 முதல் 6 மணி நேரம் என்றால் 400–900. உதிரிகளின் விலையை விட அதிகம் போகலாம். வீட்டில் செய்கிறவர் டார்க் ரெஞ்சும் ஜாயின்ட் அழுத்தும் கருவியும் வாங்கினாலும் 150-க்குள் முடியும். கடைசியில் முன் சக்கரங்களின் இடைவெளியை முன்னாலும் பின்னாலும் நாடா வைத்து அளந்து, முன்னால் 3 முதல் 6 மி.மீ. குறைவாக வரும்படி டை ராடைத் திருகுவது வழக்கம். தன் மாடலுக்கான எண் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

கையில் 1,000 டாலரோடு, அகலம் கூட்டாமல், பழைய 700-ஐ வைத்திருப்பவருக்கு என் பில்: புதுப்பிக்கும் உதிரிகள் 550, கழற்றி விற்ற ஆர் ஷாக் ஜோடி 300, கருவிகள் 150. ஏ-ஆர்ம் விளம்பரத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.